365 நாள் பைபிள் அட்டவணை, 84-வது நாளில் மறைந்த போதகர்: யார் இந்த மெக்ஷெய்ன்?

புத்தாண்டு பிறந்ததும் பலரும் பல தீர்மானம் எடுப்பார்கள். ஜிம், சேமிப்பு, டைரி எழுதுவது என்று அந்தப் பட்டியல் நீளும். கிறிஸ்தவ வீடுகளில் அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும்: இந்த வருஷம் எப்படியாவது பைபிளை முழுசா வாசிச்சு முடிச்சிடணும்.

ஆரம்பம் ஜோராகத்தான் இருக்கும். ஆதியாகமம் கதை மாதிரி ஓடும். யாத்திராகமத்தில் செங்கடல் பிளக்கும் வரை விறுவிறுப்புக்குக் குறைவில்லை. அதன் பிறகு ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் வரும். அடுத்து லேவியராகமத்தின் பலி முறைகள். பலருடைய புக்மார்க் அங்கேயே நின்றுவிடும். அடுத்த ஜனவரியில் மறுபடியும் ஆதியாகமம் 1-ம் அதிகாரம்!

இது இன்றைய பிரச்சினை இல்லை. 180 வருஷத்துக்கு முன்பே, ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் இருந்த ஓர் இளம் போதகர் தன் சபை மக்களுக்காக ஒரு தினசரி வாசிப்பு அட்டவணை தயாரித்தார். அவர் பெயர் ராபர்ட் முர்ரே மெக்ஷெய்ன். அப்போது அவருக்கு வயது 29. இன்றைக்கு பைபிள் ஆப்களில் வாசிப்புத் திட்டம் தேடினால், அவர் பெயரிலேயே அந்த அட்டவணை இருக்கும்.

ஒரு வருஷத்துக்கான அந்த அட்டவணை தொடங்கிய 84-வது நாளில் மெக்ஷெய்ன் இறந்துபோனார். அவர் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால்தான், அவர் ஏன் இதைத் தயாரித்தார் என்பதும், தான் தயாரித்ததைப் பற்றியே ஏன் எச்சரித்தார் என்பதும் புரியும்.

வக்கீல் வீட்டுக் கடைக்குட்டி

1813 மே 21-ம் தேதி எடின்பர்க்கில் பிறந்தார் மெக்ஷெய்ன். அப்பா ஆடம் வசதியான வழக்கறிஞர். ஐந்து பிள்ளைகளில் ராபர்ட்தான் கடைசி. நான்கு வயதில் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தபோது, பொழுதுபோக்காக கிரேக்க எழுத்துகளைக் கற்றுக்கொண்டார் என்கிறது அவருடைய வாழ்க்கை வரலாறு.

14 வயதில் எடின்பர்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கவிதை எழுதுவார், படம் வரைவார், நன்றாகப் பாடுவார். பார்ட்டி, நடனம், நண்பர்கள் என்று நகரத்து இளைஞர்களின் வாழ்க்கைதான் அவருடையதும். மதத்தில் பெரிய ஈடுபாடு எதுவும் அப்போது இல்லை.

1831 ஜூலை 8-ம் தேதி எல்லாம் மாறியது. மூத்த அண்ணன் டேவிட் அன்று இறந்தார். அப்பாவைப் போலவே வழக்கறிஞரான டேவிட், ஆழ்ந்த பக்தி உள்ளவர். தம்பிக்காக நிறைய கவலைப்பட்டவர். உயிரோடு இருந்தபோது அண்ணன் சொன்னவை காதில் ஏறவில்லை. அவர் போன பிறகுதான் தம்பி அவற்றை யோசிக்க ஆரம்பித்தார். அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் அந்த ஜூலை 8-ஐ மெக்ஷெய்ன் மறக்காமல் நினைவுகூர்ந்தார்.

அதே வருஷம் இறையியல் படிப்பில் சேர்ந்தார். அங்கே அவருக்கு ஆசிரியர், ஸ்காட்லாந்து திருச்சபையின் மிகப் பெரிய ஆளுமைகளில் ஒருவரான தாமஸ் சாமர்ஸ். ஆண்ட்ரூ போனார், ஹொரேஷியஸ் போனார் சகோதரர்கள் நண்பர்கள் ஆனார்கள். சனிக்கிழமைதோறும் விடியற்காலையில் இந்தக் கூட்டம் ஒன்றாக உட்கார்ந்து, பைபிளை மூல மொழிகளில் ஆராயும். தனியாக வாசிப்பதோடு, பலர் சேர்ந்து ஒரே பகுதியை வாசிப்பதும் மாணவப் பருவத்திலேயே அவருக்குப் பழக்கம்.

4,000 பேருக்கு ஒரே போதகர்

1835-ல் பிரசங்கம் செய்ய உரிமம் கிடைத்தது. முதலில் லார்பர்ட், டூனிபேஸ் என்ற இரண்டு ஊர்களுக்கு உதவிப் போதகர். இரும்பாலையும் சுரங்கமும் இருந்த பகுதி அது. வீடு வீடாகப் போய் மக்களைச் சந்தித்து, யாரைப் பார்த்தோம், என்ன பேசினோம் என்று நோட்டில் குறித்துவைப்பது அவர் வழக்கம். சில மாதங்களிலேயே நுரையீரல் பாதிக்கப்பட்டது. இருமலோடும் காய்ச்சலோடும்தான் அவருடைய ஊழியம் தொடங்கியது.

1836 நவம்பர் 24-ம் தேதி டண்டீ நகரின் செயின்ட் பீட்டர்ஸ் ஆலயத்தில் போதகராக அமர்த்தப்பட்டார். வயது 23. அந்த ஆலயமே அந்த வருஷம் புதிதாகக் கட்டப்பட்டதுதான்.

டண்டீ அப்போது வேகமாக வளர்ந்துகொண்டிருந்த மில் நகரம். லினன் துணி நெய்யும் ஆலைகளின் புகை ஊரை மூடியிருக்கும். பிற்பாடு வங்காளத்துச் சணலை இறக்குமதி செய்து சாக்கு நெய்து உலகப் புகழ் பெற்றதும் இதே ஊர்தான். வேலை தேடி வந்த குடும்பங்கள் நெருக்கமான வீடுகளில் அடைந்து கிடந்தன. காய்ச்சல் அடிக்கடி வந்து போகும்.

மெக்ஷெய்னின் எல்லைக்குள் சுமார் 4,000 பேர் இருந்தார்கள். ஞாயிறு ஆராதனைக்கு ஏறக்குறைய 1,100 பேர் வந்தார்கள். வாரநாளில் வியாழக்கிழமை மாலை ஜெபக் கூட்டம் வைத்தார். குழந்தைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி நடந்தது. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா எலைசா வீட்டைப் பார்த்துக்கொண்டார்.

இத்தனை பேரையும் அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவர் ஒருத்தராகவே எவ்வளவு நாள் கவனிக்க முடியும்? இந்தக் கேள்விக்கு ஒரு பதில் சீக்கிரமே வந்தது.

போதகர் இல்லாத ஒரு வருஷம்

1838 கடைசியில் நெஞ்சுப் படபடப்பு கடுமையானது. டாக்டர்கள் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். ஓய்வுக்காக எடின்பர்க் திரும்பினார். அந்தச் சமயத்தில், ஐரோப்பாவிலும் பாலஸ்தீனத்திலும் வாழும் யூதர்களின் நிலையை நேரில் அறிந்துவர ஸ்காட்லாந்து திருச்சபை ஒரு குழுவை அனுப்ப முடிவு செய்தது. பயணம் உடம்புக்கும் நல்லது என்று மெக்ஷெய்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

1839 ஏப்ரலில் கிளம்பினார்கள். பிரான்ஸ், மால்டா, எகிப்து வழியாகப் போய், பாலைவனத்தில் ஒட்டகத்தில் பயணித்து, ஜூன் மாதம் எருசலேமை அடைந்தார்கள். திரும்பும் வழியில் மெக்ஷெய்னுக்குக் கடும் காய்ச்சல். ஸ்மிர்னா, அதாவது இன்றைய துருக்கியின் இஸ்மிர் நகருக்குப் பக்கத்தில் சாகக் கிடந்து பிழைத்தார்.

டண்டீயில் அவருடைய இடத்தைப் பார்த்துக்கொண்டவர் வில்லியம் பர்ன்ஸ் என்ற 24 வயது இளைஞர். 1839 ஜூலையில் கில்சித் என்ற ஊரில் பர்ன்ஸ் பிரசங்கித்தபோது பெரிய எழுப்புதல் உண்டானது. ஆகஸ்டில் அது டண்டீக்கும் பரவியது. வாரநாட்களிலும் ஆலயம் நிரம்பி வழிந்தது. மெக்ஷெய்ன் ஆசைப்பட்டு, வேண்டிக்கொண்ட விஷயம்தான். ஆனால், அது நடந்தது அவர் ஊரில் இல்லாதபோது. அதுவும் இன்னொருத்தர் மூலம்.

நவம்பரில் திரும்பி வந்த மெக்ஷெய்ன், தன் சபையைச் சார்ந்து 39 ஜெபக் குழுக்கள் வாரந்தோறும் கூடுவதைப் பார்த்தார். அதில் ஐந்து, சின்னப் பிள்ளைகளே நடத்தி, அவர்களே கலந்துகொண்டவை. பர்ன்ஸ் மேல் அவருக்குப் பொறாமை வரவில்லை. மனதார மகிழ்ந்தார் என்பதை அவருடைய கடிதங்கள் காட்டுகின்றன.

போதகர் பக்கத்தில் இல்லாமலே சபை நடக்கும் என்று அந்த வருஷம் காட்டியது. மூன்று வருஷம் கழித்து அவர் தயாரித்த அட்டவணையும், போதகர் பக்கத்தில் இல்லாதபோதும் வேலை செய்யக்கூடிய ஒன்றுதான்.

நான்கு பத்தி அட்டவணை: எப்படி வேலை செய்கிறது?

1842 டிசம்பர் 30-ம் தேதியிட்ட ஒரு கடிதத்தோடு, சபை மக்களுக்குப் புத்தாண்டுப் பரிசாக அந்த அட்டவணையைக் கொடுத்தார். அதற்கு அவர் வைத்த பெயருக்கு ‘அன்றாட அப்பம்’ என்று அர்த்தம்.

முதலில் கணக்கைப் பார்க்கலாம். புராட்டஸ்டன்ட் பைபிளில் 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். 365 நாளில் முடிக்க வேண்டுமானால் ஒரு நாளைக்கு மூணேகால் அதிகாரம் வரும். மெக்ஷெய்ன் அதோடு நிற்கவில்லை. பழைய ஏற்பாடு ஒரு முறை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு முறை என்று திட்டம் போட்டார். அப்படிப் பார்த்தால் மொத்தம் 1,599 அதிகாரம். ஒரு நாளைக்கு நான்கு பகுதி என்றால் வருஷத்துக்கு 1,460 இடம்தான் இருக்கிறது. அதனால் சின்னச் சின்ன சங்கீதங்களையும் அதிகாரங்களையும் ஒரே நாளில் சேர்த்துவிட்டார். லூக்கா முதல் அதிகாரம் போன்ற நீளமானவற்றை இரண்டாகப் பிரித்தார்.

ஜனவரி 1-ம் தேதி நான்கு பத்திகளும் நான்கு இடத்தில் தொடங்கும்:

* ஆதியாகமம் 1 – உலகம் உண்டாகிறது
* மத்தேயு 1 – இயேசு பிறக்கிறார்
* எஸ்றா 1 – சிறைப்பட்டுப் போன மக்கள் நாடு திரும்புகிறார்கள்
* அப்போஸ்தலர் 1 – திருச்சபையின் கதை தொடங்குகிறது

நான்குமே ஏதோ ஒன்றின் ஆரம்பம். டிசம்பர் 31-ல் இதே நான்கு பத்திகளும் 2 நாளாகமம், வெளிப்படுத்தின விசேஷம், மல்கியா, யோவான் ஆகியவற்றின் கடைசி அதிகாரத்தில் வந்து முடியும்.

முதல் இரண்டு பத்திகள் குடும்பமாக உட்கார்ந்து வாசிக்க. அடுத்த இரண்டும் தனிமையில் வாசிக்க. ஒரே ஆள் நான்கு அதிகாரத்தையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. வீட்டில் இரண்டு, தனியாக இரண்டு என்று நாளுக்குள்ளேயே சுமை பிரிந்துவிடுகிறது.

லேவியராகமத்தில் சிக்கிக்கொள்வதற்கும் இதில் ஒரு வழி இருக்கிறது. மார்ச் கடைசியில் லேவியராகமம் தொடங்கும்போது, அதே நாளின் மற்ற பத்திகளில் யோவான், நீதிமொழிகள், பவுலின் நிருபங்கள் இருக்கும். ஏப்ரல் 1 முதல் சங்கீதமும் சேர்ந்துகொள்ளும். ஒரு பத்தி கரடுமுரடாக இருந்தாலும் இன்னொரு பத்தி கைகொடுக்கும்.

கூடவே சில குறிப்புகளும் தந்தார். குடும்பத் தலைவர் அன்றைய பகுதியை முன்கூட்டியே பார்த்து, முக்கியமான இரண்டு மூன்று வசனங்களைக் குறித்துவைத்து, எளிமையான கேள்விகள் கேட்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் அதைப் பற்றிப் பேசலாம். தனி வாசிப்பு விடியும் முன்பே நடந்தால் நல்லது. வாசித்ததை அப்படியே ஜெபமாக மாற்ற வேண்டும்.

ஒரே நாளில் ஒரே பக்கம்

இந்த ஏற்பாட்டால் என்ன லாபம் என்பதையும் கடிதத்தில் பட்டியலிட்டார். ஒரு வருஷத்தில் முழு பைபிளும் ஒழுங்காக முடியும். இன்னைக்கு எதை வாசிக்கலாம் என்று பக்கம் புரட்டிக்கொண்டிருக்கும் நேரம் மிச்சம். பிள்ளைகளிடமும் வேலையாட்களிடமும் கேள்வி கேட்கப் பெற்றோருக்கு ஒரு பொருள் கிடைக்கும்.

மற்ற இரண்டு லாபங்கள் இன்னும் முக்கியம். மந்தை இன்று எந்தப் புல்வெளியில் மேய்கிறது என்று போதகருக்குத் தெரியும். நோயாளி வீட்டுக்குப் போனாலும் அங்கிருந்தே பேச்சைத் தொடங்கலாம். கடைசியாக, வேறு வேறு வீட்டில், வேறு வேறு ஊரில் இருக்கும் நண்பர்கள் அதே நாளில் அதே பக்கத்தைத் திறந்திருப்பார்கள். அந்த நினைப்பே அவர்களைச் சேர்த்துக் கட்டும்.

அதாவது, மெக்ஷெய்னின் அட்டவணை ஒரு தனி ஆளின் சாதனைக் கணக்குக்காக உருவானது இல்லை. ஒரு மில் நகரத்தின் பல தெருக்களில் சிதறிக்கிடந்த மக்களை ஒரே பக்கத்தில் கூட்டிவைக்கும் முயற்சி அது.

தயாரித்தவரே சொன்ன நான்கு ஆபத்துகள்

பொதுவாக ஒரு திட்டத்தை அறிமுகப்படுத்துபவர் அதன் பெருமையைத்தான் முதலில் சொல்வார். மெக்ஷெய்ன் லாபங்களைச் சொல்வதற்கு முன்பே ஆபத்துகளைச் சொன்னார்.

*வெறும் சடங்காகிவிடுவது:* தினமும் திரும்பத் திரும்பச் செய்கிற எதுவும் உயிரில்லாத பழக்கமாகிவிடலாம். வாய் வாசிக்கும், மனசு வேறெங்கோ இருக்கும்.

*தற்பெருமை:* இன்றைய பங்கை முடித்துவிட்டோம் என்ற திருப்தியே போதும் என்று ஆகிவிடலாம். இன்றைக்கு ஆப்பில் 100 நாள் ஸ்ட்ரீக் வந்ததும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸ் போடுகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

*அவசர வாசிப்பு:* நான்கு அதிகாரம் முடிக்க வேண்டுமே என்ற ஓட்டத்தில் எதிலும் நிற்காமல் போய்விடலாம்.

*தாங்க முடியாத சுமை:* சிலருக்கு இந்த அளவே பாரமாகிவிடலாம். அவர்களுக்கு மெக்ஷெய்ன் சொன்ன ஆலோசனை ஆச்சரியமானது. அட்டவணை விலங்கு மாதிரி இறுக்கினால், அதைத் தூக்கி எறிந்துவிட்டு விருப்பப்பட்ட இடத்தில் சுதந்திரமாக வாசியுங்கள் என்பதுதான் அதன் சாரம்.

நாட்களைத் தவறவிட்டுவிட்டு, பாக்கி 37 அதிகாரம் இருக்கே என்று குற்ற உணர்ச்சியில் பைபிளையே மூடிவைப்பவர்கள் உண்டு. அட்டவணை போட்டவரே அவர்களுக்கு 1842-லேயே விடுமுறை கொடுத்துவிட்டார்.

84-வது நாள்

1843 ஜனவரி 1 முதல் டண்டீயில் வாசிப்பு தொடங்கியது. பிப்ரவரியில் மெக்ஷெய்ன் ஸ்காட்லாந்தின் வடகிழக்குப் பகுதிக்குப் போய், ஊர் ஊராகப் பிரசங்கம் செய்தார். களைத்துத் திரும்பியபோது டண்டீயில் டைஃபஸ் காய்ச்சல் பரவியிருந்தது.

டைஃபஸ் வேறு, டைபாய்டு வேறு. டைஃபஸ், உடம்புப் பேன்களால் பரவுவது. நெருக்கடியான வீடுகளில் வேகமாகத் தொற்றும். பேன்தான் காரணம் என்று அன்று யாருக்கும் தெரியாது. மருந்தும் கிடையாது. ஆனால், நோயாளி வீட்டுக்குப் போனால் தனக்கும் வரலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். மெக்ஷெய்ன் நோயாளிகளைப் பார்க்கப் போவதை நிறுத்தவில்லை.

மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை. தன் ஆலயத்தில் அன்றுதான் அவர் கடைசியாகப் பிரசங்கித்தார். அந்த வாரமே காய்ச்சல் கண்டது. மார்ச் 25-ம் தேதி, சனிக்கிழமை காலை இறந்தார். 30 வயது நிறைய இரண்டு மாதம்கூட பாக்கி இல்லை.

அந்த நாளுக்கு அட்டவணை குறித்திருந்த குடும்ப வாசிப்பு: யாத்திராகமம் 36, யோவான் 15. ஆசரிப்புக் கூடாரத்தை மக்கள் கட்டுகிற அதிகாரம் ஒன்று. திராட்சச்செடியையும் கொடிகளையும் பற்றிய அதிகாரம் இன்னொன்று. அடுத்த நாளுக்கான பகுதியும் தயாராக இருந்தது. அதற்கடுத்த நாளுக்கும் இருந்தது. டிசம்பர் 31 வரை இருந்தது.

அவருடைய அடக்கத்துக்கு ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். செயின்ட் பீட்டர்ஸ் ஆலய வளாகத்திலேயே கல்லறை அமைந்தது.

அதன் பிறகு

இரண்டே மாதத்தில், 1843 மே 18-ம் தேதி, ஸ்காட்லாந்து திருச்சபை உடைந்தது. சபைக்குப் போதகரை நியமிப்பதில் நிலவுடைமையாளர்களுக்கும் அரசுக்கும் இருந்த அதிகாரத்தை எதிர்த்து, சாமர்ஸ் தலைமையில் 400-க்கும் அதிகமான போதகர்கள் வெளியேறி சுயாதீனத் திருச்சபையை உருவாக்கினார்கள். மெக்ஷெய்ன் இருந்திருந்தால் அவர்களோடு போயிருப்பார். அவருடைய சபை போனது.

1844-ல் நண்பர் ஆண்ட்ரூ போனார், மெக்ஷெய்னின் வாழ்க்கை வரலாற்றையும் கடிதங்களையும் பிரசங்கங்களையும் தொகுத்து வெளியிட்டார். அந்தப் புத்தகம் பல பதிப்புகள் கண்டது. ஓர் ஊரின் சபைக்காகத் தயாரான அட்டவணையும் ஸ்காட்லாந்தைத் தாண்டிப் பரவியது.

20-ம் நூற்றாண்டில் லண்டனின் புகழ்பெற்ற பிரசங்கியார் மார்ட்டின் லாய்ட்-ஜோன்ஸ் இதைப் பின்பற்றினார். அவர் மூலம் அறிந்துகொண்ட ஜான் ஸ்டாட்டும் பல்லாண்டுகள் இதன்படியே வாசித்தார். 1998-ல் கனடாவைச் சேர்ந்த அறிஞர் டி.ஏ.கார்சன், இதே அட்டவணையை வைத்து தினசரி தியானப் புத்தகம் எழுதினார்.

இன்று பின்பற்ற நினைத்தால்?

தமிழ் பைபிளிலும் அதே 66 புத்தகங்கள், அதே அதிகாரப் பிரிவுகள்தான். அதனால் அட்டவணையை அப்படியே பயன்படுத்தலாம். ஜனவரி 1 வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. இன்றைய தேதிக்கு என்ன இருக்கிறதோ அங்கிருந்தே தொடங்கலாம்.

நான்கு அதிகாரம் அதிகம் என்று நினைப்பவர்கள், முதல் வருஷம் இரண்டு பத்தி, அடுத்த வருஷம் மற்ற இரண்டு என்று பிரித்துக்கொள்கிறார்கள். வேலை நாளில் வீட்டில் எல்லாரும் சேர்ந்து உட்கார முடியாதவர்கள், ஒரு பத்தியைக் காலையிலும் இன்னொன்றை ராத்திரியிலும் வைத்துக்கொள்ளலாம். நடுவில் சில நாள் விட்டுப்போனால், பாக்கியைத் துரத்தாமல் அன்றைய தேதியிலேயே சேர்ந்துகொள்வது நல்லது. மற்றவர்களோடு ஒரே பக்கத்தில் இருப்பதுதானே இதில் முக்கியம்?

கூட வாசிக்க ஒரு நண்பரோ, வாட்ஸ்அப்பில் ஒரு சின்னக் குழுவோ இருந்தால் இன்னும் நல்லது. டண்டீயில் அந்த ஜனவரியில் வாசிக்க ஆரம்பித்தவர்களுக்கு மார்ச் 26 காலையில் போதகர் இல்லை. ஆனால், அன்றைக்கு எந்தப் பக்கம் என்பதும், பக்கத்து வீட்டிலும் அதே பக்கம்தான் திறந்திருக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.